பத்தாவது விண்ணப்பம்

பீரோ சாவியை நான் எப்போதும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்தான் வைப்பேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு வரிகூடப் படிக்க வராது. அதனால் கூடு என்னைவிட்டுப் பிரியாது, சாவியும் பிரியாது. முப்பத்தோரு வருட வேலையில் ஒருமுறைகூட அதைத் தொலைத்ததில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சாவி காணாமல் போயிருக்கலாம், பியூன் எடுத்திருக்கலாம் என்று உங்கள் விசாரணைக் குழுவில் யாரோ பேசியதாகக் கேள்விப்பட்டேன். பாவம், அவனை விட்டுவிடுங்கள்.

தேஷ்பாண்டே சார், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கேட்ட விதம் மரியாதையாக இருந்தது, ஆகவே எழுதுகிறேன். நான் அறவியல் கற்பிப்பவள். எது சரி, எது தப்பு என்று என்னிடம் கேட்டுப் படித்தவர்கள் இந்தத் தார்வாடிலேயே நூறு பேருக்குமேல் இருப்பார்கள். ஒளிப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

தத்துவத்தில் முதுகலை படிக்க எங்கள் கல்லூரிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தொடர்ந்து இரண்டு வருடம் பத்துப் பேருக்குக் குறைந்தால் பிரிவை மூடிவிடலாம் என்று விதி. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்களிடம் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். அடுத்த வருடமும் குறைந்தால் முடிந்தது. வணிகவியல் துறைக்காரர்கள் ஏப்ரல் மாதமே டேப் எடுத்துவந்து எங்கள் அறையை அளந்துகொண்டு போனார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, "மேடம், காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லித்தான் அளந்தார்கள்.

அந்த மே மாதம் நானே நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்டில் நின்று கொடுத்தேன். ஐம்பத்தாறு வயதில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. ஒன்பது விண்ணப்பம் வந்தது. அதில் ஆறு பேருக்கு வேண்டியது ஹாஸ்டல் அறை. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்குப் படிக்க அதைவிட மலிவான இடம் ஊரில் கிடையாது. ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், வீட்டில் பகலில் இருக்க முடியவில்லை என்று வாயாலேயே சொன்னார். ஒருவர் மடத்துச் சாமியார். ஒருவர் சம்பள உயர்வு வேண்டிய பள்ளிக்கூட ஆசிரியை. "ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ஒன்பது பேரும் அதில் "ஆர்வம்" என்று ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள்.

பத்தாவது விண்ணப்பம் கஸ்தூரி தளவாருடையது. நவல்குந்து பக்கத்துக் கிராமம். அப்பா ஃபக்கீரப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். எங்கள் கல்லூரியிலேயே பி.ஏ. முடித்தவள், என் வகுப்பில் மூன்று வருடம் முதல் பெஞ்சு. அவள் அந்தக் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தாள். எனக்கு மனப்பாடம்: "எங்க ஊர்ல சாவு வீட்டுக்குப் போனா அழணும். அழுகை வராதப்ப அழறது பொய்யா, மரியாதையா? இதை வீட்ல கேட்டா திட்டறாங்க. இங்கே கேக்கலாம்னு விண்ணப்பிக்கிறேன்."

அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். என் வேலைக்கு அர்த்தம் இருக்கிறது என்று யாரோ காகிதத்தில் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. பல மதியங்களில் என் டப்பாவிலிருந்த சோள ரொட்டியையும் கடலைச் சட்னிப் பொடியையும் இருவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். "உங்க வீட்டு ரொட்டி அப்பளம் மாதிரி இருக்கு மேடம், எங்க ஊருக்கு வாங்க, ரொட்டின்னா என்னன்னு காட்டறேன்" என்று கிண்டல் செய்வாள். என்னைக் கிண்டல் செய்ய நான் யாரையும் விட்டதில்லை. அவளை விட்டேன்.

ஜூன் மாதம் சேர்க்கை முடிந்தது. வழக்கம்போல எல்லோரும் பத்தாம் வகுப்பிலிருந்து பி.ஏ. வரை ஒரிஜினல் மதிப்பெண் பட்டியல்களையும் டி.சி.யையும் துறையில் ஒப்படைத்தார்கள். அலுவலகம் கேட்டால் காட்டுவதற்காக நான் அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஜூலை முப்பத்தொன்றாம் தேதிதான் தலைகளை எண்ணுவார்கள். பத்துத் தலை இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் யாரிடமும் சொல்லாமல் கால் கிலோ பேடா வாங்கித் தனியாக உட்கார்ந்து தின்றேன்.

ஜூலை முதல் வாரம் கிர்மிட் பொரிக் கடையில் இனாம்தாரைப் பார்த்தேன். ஆங்கிலத் துறையில் இருந்தவர். பிறகு பெளகாவி பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். நல்ல மனிதர், வாய்தான் நிற்காது. பொரியை மென்றுகொண்டே சொன்னார்:

"வத்ஸலாபாயி, முதல்ல உங்களுக்குத்தான் வாழ்த்து சொல்லணும். உங்க பொண்ணு ஹைதராபாத்ல இடம் புடிச்சிட்டா."

"எந்தப் பொண்ணு?"

"கஸ்தூரிதான். எம்.ஏ. ஃபிலாசஃபி. ஹாஸ்டல், சாப்பாடு, மாசாமாசம் உதவித்தொகைன்னு எல்லாமே அவங்களே பாத்துக்கறாங்க. சிபாரிசுக் கடிதம் நான்தான் குடுத்தேன்." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "அடடா. உங்ககிட்ட சொல்லலையா அவ?"

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"பயந்துட்டா. மேடம்கிட்ட கேட்டா ஒண்ணு அழுதுருவாங்க, இல்ல விட மாட்டாங்கன்னா. சின்னப் பொண்ணு, மனசுல வெச்சுக்காதீங்க. மிளகாய் பஜ்ஜி சொல்லட்டுமா?"

வலித்தது, சார். நான் மரக்கட்டை இல்லை. மூன்று வருடம் அவளுக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தது நான். ஹைதராபாத்துக்கு அவள் அனுப்பிய கட்டுரை, அந்தச் சாவு வீட்டு அழுகை பற்றியது என்று இனாம்தார் சொன்னார். அது முதலில் என் மேசைக்கு வந்த கேள்வி. அதைத் தூக்கிக்கொண்டுபோய், தத்துவம் என்றால் வாய்ச்சண்டை என்று நினைக்கிற ஒரு மனிதரிடம் கடிதம் வாங்கியிருக்கிறாள். அதற்கு நடுவில் என் எதிரில் உட்கார்ந்து என் ரொட்டியையும் தின்றிருக்கிறாள். என் காலத்தில் எனக்கும் புணேயில் இடம் கிடைத்தது. என் ஆசிரியர் "நீ போனா துறை என்னாகும்?" என்று ஒரு வார்த்தை கேட்டார், நான் போகவில்லை. அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. நன்றி என்று ஒன்று இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள்.

"மேடம், என் ஒரிஜினல்ஸ் ரெண்டு நாளைக்கு வேணும்."

"எதுக்கும்மா?"

"ஸ்காலர்ஷிப்புக்கு ஆன்லைன்ல ஏத்தணுமாம்."

அதற்கு முன்பு அவள் என்னிடம் பொய் சொல்லிக் கேட்டதில்லை. பொய்க்குப் பதில் பொய் கொடுத்தால் யாருக்கும் பாக்கி இல்லை என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. "சரிபார்க்க மெயின் ஆபீஸுக்குப் போயிருக்கு. வியாழக்கிழமை வா" என்றேன். வியாழக்கிழமைதான் அங்கிருந்து கோப்புகள் திரும்பி வரும், ஆகவே நம்பும்படி இருந்தது. நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பீரோ என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கை நீட்டினால் எட்டும்.

வியாழக்கிழமை வந்தாள். அடுத்த வியாழக்கிழமையும் வந்தாள். இரண்டு தடவையும் "இன்னும் வரலம்மா" என்றேன். அவளுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

அதற்கடுத்த திங்கள்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். நல்ல மழை. புடவைக் கரையெல்லாம் கரிசல் சேறு.

"மேடம், ஸ்காலர்ஷிப்புன்னு நான் சொன்னது பொய்."

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"ஜூலை முதல் வாரத்துலேர்ந்து. இனாம்தார் சொன்னார்."

அவள் உட்காரவில்லை. "அப்ப, மெயின் ஆபீஸ்ல இருக்குன்னு நீங்க சொன்னது..." என்று ஆரம்பித்தாள். அவள் பார்வை என் தோளைத் தாண்டிப் பீரோவுக்குப் போனது. அவ்வளவு வேகமாக ஒரு வாதத்தில் அடியெடுத்து வைத்த மாணவி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மனசுக்குள் பெருமையாகவே இருந்தது.

பிறகு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சிருங்க மேடம். உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேன்."

முடிவுக்கு ஒரு படி இருக்கும்போது வாதத்தை விட்டுவிட்டாள். மாணவியாக அவளிடம் நான் கண்ட ஒரே குறை அது.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை ஹைதராபாத்தில் ஒரிஜினலோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். "தார்வாடுக்கு தெனம் பஸ்ல போய்ட்டு வர்றதெல்லாம் படிப்பான்னு அப்பா கேக்கறாரு மேடம். ஹாஸ்டல்ல சேத்துக்கறாங்கன்னா போ, இல்லாட்டி அத்தை மகனைக் கட்டிக்கோன்னுட்டாரு. அவனுக்குப் பேப்பர்னா பஜ்ஜி மடிக்கறது மட்டும்தான் மேடம் தெரியும்." சிரிக்கத்தான் பார்த்தாள், சரியாக வரவில்லை. "உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். உங்க முகத்தைப் பாத்து சொல்ல வரல."

"வியாழக்கிழமை வா, எப்படியாவது வாங்கி வெக்கறேன்" என்றேன். "சாயங்காலப் பஸ்ஸுக்குப் போயிடலாம்."

என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

புதன் இரவு முழுக்க மழை பெய்து பெண்ணிஹள்ள ஓடையில் வெள்ளம் வந்தது. வருடாவருடம் வருகிற வெள்ளம்தான். வியாழக்கிழமை காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஒரு டெம்போக்காரன், தண்ணீர் முழங்கால் அளவுதான், போய்விடலாம் என்று ஏழு பேரை ஏற்றிக்கொண்டு தரைப்பாலத்தில் இறங்கியிருக்கிறான். நான்கு பேர் கரையேறினார்கள். பத்திரிகையில் மற்ற மூவரில் ஒருத்தியை "கஸ்தூரவ்வா, 21, விவசாயி மகள்" என்று போட்டிருந்தார்கள். மாணவி என்று போடவில்லை.

வண்டி ஓட்டியது நான் இல்லை. மழையும் நான் பெய்விக்கவில்லை. காரணம் வேறு, சந்தர்ப்பம் வேறு என்று முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வாரம் முழுக்கப் பாடம் எடுப்பேன். அதை இங்கே எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

நான்காம் நாள் அவள் ஊருக்குப் போனேன். கல்லூரியிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்ததும் குரலெடுத்து அழுதார்கள், நானும் அழ வேண்டும் என்று காத்திருந்தார்கள். எனக்கு வரவில்லை. வராமலே அழுதேன். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அவள் கேள்விக்கு ஒரு வழியாக விடை சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

ஃபக்கீரப்பா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "உங்களைப் பாக்கத்தான் மேடம் கெளம்பினா. தண்ணி வடியட்டும்டீன்னு சொன்னேன். இல்லப்பா, மேடம் எனக்காக எல்லார்கிட்டயும் போய்க் கெஞ்சி வாங்கி வெச்சிருப்பாங்க, நான் போகாம இருந்தா நல்லாருக்காதுன்னா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்ல அவ போட்டோ ஒண்ணுதான் இருக்கு மேடம், பள்ளிக்கூடத்துல எடுத்தது. அதுல கண்ணை மூடிட்டிருக்கா. உங்ககிட்ட குடுத்த பேப்பருங்கள்ல ஒட்டியிருக்குமில்ல?"

"அது மெயின் ஆபீஸ்ல இருக்கு" என்றேன். "வியாழக்கிழமை வாங்க."

எனக்கு வேறு வழி இருக்கவில்லை, சார். தலைகளை எண்ண இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. படத்தைக் கொடுக்க வேண்டுமானால் விண்ணப்பத்தை வெளியே எடுக்க வேண்டும், சான்றிதழைக் கொடுத்தால் பெயரை அடிக்க வேண்டும். ஒன்பதாகிவிடும். இறந்தவளுக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. உயிரோடு இருக்கிற ஒரு துறையை எதற்காகச் சாகக் கொடுப்பது?

ஃபக்கீரப்பா மூன்று வியாழக்கிழமை வந்தார். மூன்றாவது முறை புதுசாய் அறுத்த பச்சைப்பயறு ஒரு பை கொண்டுவந்தார். "அவளுக்கு நல்லது நெனச்சது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லி மேசைமேல் வைத்தார். படம் கிடைக்காது என்று அவரே புரிந்துகொண்டு அதற்குப் பிறகு வரவில்லை. பயறு நல்ல பயறு, ஒரே கொதியில் வெந்தது.

முப்பத்தொன்றாம் தேதி எண்ணிப் பார்த்தார்கள், பத்து. அதோடு பெயரை எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒவ்வொரு பருவத்துக்கும் பட்டியல் கேட்பார்கள் என்று பிறகுதான் நினைவு வந்தது. வருகைப் பதிவேடு என் கையில், தேர்வுப் பொறுப்பும் என்னுடையது. கௌரவ விரிவுரையாளர்கள் வருடத்துக்கு ஒருவராக மாறுகிறவர்கள். ஹாஸ்டல்காரர்கள் வகுப்புக்கு வந்தால்தானே யார் வரவில்லை என்று தெரியும். சாமியார் ஒருவர்தான் ஒருமுறை கேட்டார்: "அந்த நவல்குந்துப் பொண்ணு யாரு மேடம்? பேரு கூப்பிடறீங்க, நீங்களே டிக் போடறீங்க." உடம்பு சரியில்லை, வீட்டிலிருந்து படிக்கிறாள் என்றேன். பிரசாதமாகக் கொஞ்சம் விபூதி மடித்துக் கொடுத்தார், அவளிடம் சேர்த்துவிடச் சொல்லி. அது இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

இனாம்தார் ஒருமுறை போன் செய்து, ஹைதராபாத்தில் நன்றாகப் படிக்கிறாளா என்று விசாரித்தார். "ம்" என்றேன்.

நான்கு பருவம், பதினாறு தேர்வுத் தாள். எல்லாவற்றையும் அவள் கையெழுத்தில் நானே எழுதினேன். அவள் பி.ஏ. தாள்கள் என்னிடம் இருந்தன, பார்த்துப் பழகிக்கொண்டேன். ஒப்புக்கு எழுதினேன் என்று நினைக்காதீர்கள். அவள் எப்படி யோசிப்பாளோ அப்படி யோசித்து, அவள் தடுமாறக்கூடிய இடத்தில் தடுமாறி எழுதினேன். அந்த நேரங்களில் அவள் என் எதிரில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு வருடங்களைப் போல நான் என் வேலையில் நிறைவாக இருந்ததில்லை. முதல் மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டியவள். இரண்டாமிடம்தான் கொடுத்தேன். முதலிடம் என்றால் பதக்கம் வாங்க மேடைக்கு வர வேண்டும். அதோடு மற்றவர்களுக்கும் நியாயமாக இருக்க வேண்டும் இல்லையா?

பட்டமளிப்புக்கு வராதவர்களுக்கு அலுவலகமே வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பிவிடும் என்பது என் நினைவில் இல்லை. பணிக்காலம் முழுவதிலும் நான் செய்த ஒரே அலுவல் பிழை அது.

ஃபக்கீரப்பா போன மாதம் பட்டத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அதில் அவள் படம் அச்சாகியிருந்தது. விண்ணப்பத்தில் ஒட்டிய அதே படம், கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கிற படம். அவர் சத்தம் போடவில்லை. "ஊர்ல வாத்தியார் படிச்சுக் காட்டினார் மேடம். எம்.ஏ. பாஸுன்னு போட்டிருக்காம். போன வருசம் வரைக்கும் படிச்சிருக்கான்னு சொல்றாரு. என் பொண்ணு எங்க மேடம் இருந்தா?" என்று கேட்டார். தான் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும், ஒருவேளை இருக்குமோ என்று நினைக்கிற முகம். பிறகு நேராக முதல்வர் அறைக்குப் போய் அதையே கேட்டார். அங்கிருந்துதான் நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கஸ்தூரி தளவாரின் சான்றிதழ்கள் ஒருநாளும் மெயின் ஆபீஸுக்குப் போகவில்லை. இன்றும் பீரோவின் இரண்டாம் தட்டில், பச்சை ஃபைலில் இருக்கின்றன. தெரிந்துதான் கொடுக்காமல் வைத்திருந்தேன். பதினாறு தாளும் என் கையால் எழுதியவை. துறை இன்றைக்கும் நடக்கிறது, இந்த வருடம் பன்னிரண்டு பேர்.

அந்த வியாழக்கிழமை அவள் வந்து சேர்ந்திருந்தால் கண்டிப்பாகக் கொடுத்திருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். விடுப்புப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நீங்களாகக் கேட்பதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன்: அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. கால் வலி என்று திங்கள்கிழமை சாயங்காலமே, அவள் கும்பிட்டுவிட்டுப் போன கையோடு, விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். கண்ணாடிக் கூடு என்னோடு வீட்டில் இருந்தது.

என்னை விட்டுப் போக நினைத்தது அவள். நான் அவளை விடவில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள், நான்கு பருவத்தில் ஒரு நாள்கூட அவளுக்கு நான் ஆப்சென்ட் போட்டதில்லை.